சின்ன ர, பெரிய ற

டெல்மாவுக்கு முப்பத்தொன்று போட்டிருந்தார்கள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டியல் வந்தது. மைதானத்துக் கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு போனில் பார்த்தேன். நாடு முழுக்க நானூற்றுப் பன்னிரண்டு கல்லூரிப் பெண்கள். நாற்பதும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் பச்சையில், மிச்சப் பேர் சிவப்பில். பச்சையில் இரண்டு தடவை தேடினேன். இல்லை. சிவப்புக்கு இறங்கினேன். சகாய டெல்மா, இடது விங், 31. போனைத் தூக்கி அடிக்கலாம் என்று வந்தது. போன வருஷம் அப்படி அடித்து உடைத்துவிட்டு ஒரு மாதம் போன் இல்லாமல் அலைந்தது ஞாபகம் வந்ததால் விட்டேன்.

என் பெயர் பிலோமினா. வயது ஐம்பத்தொன்று. வியாசர்பாடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். முட்டி போகிற வரைக்கும் ஃபுட்பால் ஆடினேன். போனதற்கு அப்புறம் இருபத்திரண்டு வருஷமாகக் கல்லூரிப் பெண்கள் ஆடுவதைப் பார்த்து, யார் தேறுவாள், யார் தேறமாட்டாள் என்று கிளப்புகளுக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஸ்கவுட் என்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது மெட்ராஸில் பந்து உதைக்கிற எல்லாருக்கும் தெரியும். நான் அதை மறைத்ததும் இல்லை, அதற்காக வெட்கப்பட்டதும் இல்லை. இந்த வாரம் வரைக்கும்.

முன்பெல்லாம் நாங்கள் எழுதியதைக் கிளப்புக்காரர்கள் படிப்பார்கள், எங்களோடு சண்டை போடுவார்கள், அப்புறம் ஆளை எடுப்பார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் உரைகல் வந்தது. பொன்னை உரசிப் பார்க்கிற கல்லின் பெயரை ஒரு இயந்திரத்துக்கு வைத்திருந்தார்கள். அது ஒரு பெண் ஸ்கூலில் ஆடிய முதல் ஆட்டத்திலிருந்து எல்லா வீடியோவையும் பார்க்கும். அவள் நடப்பதை, தூங்குவதை, மூச்சு வாங்குவதை அளக்கும். எங்களைப் போன்ற ஸ்கவுட்டுகளின் நோட்டுப் புத்தகங்களை எல்லாம் வாங்கிப்போய் அதற்குப் படிக்கக் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் அரைத்து, இந்தப் பெண் அடுத்த பத்து வருஷம் எப்படி ஆடுவாள், எப்போது அடிபடுவாள், யாரோடு முறைத்துக்கொள்வாள் என்று கண்டுபிடித்து ஒரே ஒரு எண்ணாகச் சொல்லும். புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் எண்ணை அந்த நிமிஷமே மாற்றும். நாற்பதுக்குக் கீழே போனால் சனிக்கிழமை நடக்கிற டிராஃப்டில், அதாவது கிளப்புகள் முறை வைத்து ஆள் எடுக்கிற நாளில், எந்தக் கிளப்பும் உங்களைத் தொட முடியாது. கல்லூரி முடிக்கிற வருஷம் ஒரே ஒரு வாய்ப்புதான். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்டுப் போனால் அங்கேயும் இப்போது அந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். ஆக, முப்பத்தொன்று என்றால் டெல்மா வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம்.

டெல்மா குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரி. ஸ்காலர்ஷிப்பில் மெட்ராஸுக்கு வந்தவள். இடது காலில் பந்து ஒட்டிக்கொண்டு வரும். அவளைவிட இரண்டு பங்கு உடம்புள்ள டிஃபெண்டர்கள் சட்டையைப் பிடித்து இழுத்தாலும் விழமாட்டாள். இழுத்தவள்தான் விழுவாள். போன வருஷம் பல்கலைக்கழகப் போட்டிக்கு வெளியூர் போனபோது மத்தியானச் சாப்பாடு ஊசிப்போயிருந்தது. இதைத் தின்றால் தின்னுங்கள், இல்லையென்றால் பட்டினியாக ஆடுங்கள் என்று டீம் மேனேஜர் சொன்னான். டெல்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. டீமைக் கூட்டிக்கொண்டு போய் மைதானத்தின் நடு வட்டத்தில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பது நிமிஷம். நல்ல சாப்பாடு வந்தது. சாப்பிட்டுவிட்டு மூன்று கோல் போட்டாள்.

அவளிடம் எண்ணைச் சொன்னபோது ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்க கால்ல என்ன கொறைன்னு கேட்டுச் சொல்லுங்கக்கா. சனிக்கிழமைக்கு முன்ன செரியாக்கிக்கிடுதேன்" என்றாள்.

அந்தப் பேச்சுதான் என்னைக் கிளப்பிவிட்டது. கத்தியிருந்தாலோ அழுதிருந்தாலோ நானும் கூட உட்கார்ந்து கத்திவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். நேராகத் தரமணிக்கு ரயில் ஏறினேன்.

உரைகல் ஆபீஸில் எனக்கு ஏ.சி. அறையும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்து, முகுந்தன் என்று ஒரு பையனை அனுப்பினார்கள். பையன் என்ன பையன், முப்பது வயது இருக்கும், இயந்திரத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற எஞ்சினியர். நான் வாயைத் திறப்பதற்குள், நீங்கள்தான் பிலோமினா மேடமா, உங்கள் நோட்டுகள்தான் எங்களுக்குத் தங்கம், பழைய ஸ்கவுட்டுகளிலேயே உங்கள் கணிப்புதான் அதிகம் பலித்திருக்கிறது, அதனால் உரைகல் உங்கள் எழுத்துக்குத்தான் எல்லாரையும்விட அதிக எடை கொடுக்கிறது என்று மடமடவென்று சொன்னான். எனக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், குளிர்ந்தது.

"அப்ப டெல்மாவ நான் அவ்ளோ நல்லா எழுதியும் முப்பத்தொண்ணு எப்டி வந்துச்சு?" என்று கேட்டேன்.

அவன் தேடிப் பார்த்தான். "ஆட்டம் தொண்ணூத்தி ரெண்டு மேடம். வேகம், பார்வை, பாஸ் எல்லாமே மேல இருக்கு. விழுந்தது ஒரே இடத்துலதான். குணம்."

"குணத்துல இன்னா?"

திரையை என் பக்கம் திருப்பினான். என் கையெழுத்து. டீ கொட்டிய கறை உட்பட என் நோட்டுப் புத்தகத்தின் பக்கம். *டெல்மா. இடது கால். முட்டினா விழமாட்டா. திமிரு ஜாஸ்தி.* கடைசி இரண்டு வார்த்தைக்கு இயந்திரம் சிவப்புக் கோடு போட்டு, ஓரத்தில் பொருள் எழுதியிருந்தது: ஆணவம், அடங்காமை, நிர்வாகத்தோடு மோதும் வாய்ப்பு மிக அதிகம்.

நான் சிரித்துவிட்டேன். அது அந்தத் திமிரு இல்லை தம்பி என்று விளக்கினேன். எங்கள் மைதானத்தில் ஒருத்தியைப் பிடித்து இழுக்கிறார்கள், முழங்கையால் இடிக்கிறார்கள், அவள் உதறிக்கொண்டு பந்தோடு வெளியே வருகிறாள், அதற்குப் பெயர் அது. அவகிட்ட அது இருக்கு என்றால் அதற்கு மேல் எங்களிடம் பாராட்டு கிடையாது. வேகத்தைச் சொல்லிக் கொடுக்கலாம், பாஸைச் சொல்லிக் கொடுக்கலாம், அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. ரொம்ப ரொம்பப் பிடித்த பெண்ணுக்கு மட்டும்தான் நான் அந்த வார்த்தையை எழுதுவேன்.

"நீ சொல்றது திமிரு. நான் சொல்றது திமிரு" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் மேடம் கேக்குது" என்றான்.

எழுதிக் காட்டுகிறேன் பார் என்று பேனாவை வாங்கினேன். *தி, மி* வரைக்கும் வந்துவிட்டேன். அதற்கு மேல் கை போகவில்லை. எட்டாம் வகுப்புத் தமிழ் மிஸ் சிவப்பு இங்க்கில் என் பரீட்சைப் பேப்பர் முழுக்க வட்டம் போட்டது ஞாபகம் வந்தது. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று உனக்கு எப்போதுதான் தெரியப்போகிறது பிலோமினா. நான் பந்து உதைக்கப் போகிற அவசரத்தில், எதைப் போட்டால் என்ன மிஸ், படிக்கிறவங்களுக்குப் புரியாதா என்று கேட்டு அடி வாங்கினேன். எங்கள் தெருவில் யாரும் இரண்டையும் வேறுவேறாகச் சொல்லி நான் கேட்டதில்லை. திமிறி வருவது பெரிய ற. நான் இருபத்திரண்டு வருஷமும் சின்ன ர போட்டு எழுதியிருக்கிறேன். இதை எழுதும்போதுகூட சந்தேகம் வருகிற இடத்தில் எல்லாம் டெல்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. வேறு யாருக்காவது அப்படி எழுதியிருக்கிறேனா என்று கேட்டேன். எனக்கே பதில் தெரியும். அவன் தட்டிப் பார்த்துவிட்டு உரைகல் வந்த பிறகு பதினொரு பேர் என்றான். பதினொரு பேரும் சிவப்பு.

பதினொன்று. ஒரு டீம். கோல்கீப்பரில் இருந்து ஸ்ட்ரைக்கர் வரைக்கும் ஒரு முழு டீம். நான் பார்த்ததிலேயே நல்ல டீம், அதை என் கையாலேயே எழுதி வெளியே தள்ளியிருக்கிறேன். புஷ்பவல்லி அதில் ஒருத்தி. மூன்று வருஷத்துக்கு முன்னால் முப்பத்திநான்கு வாங்கினாள். எங்கிட்ட என்னக்கா குறை என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் கிளப் ஓனர்களைத் திட்டினேன், செலக்டர்களின் சாதிப் புத்தியைத் திட்டினேன், ஆம்பளைகளைத் திட்டினேன், உலகத்தையே திட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் போனாள். இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் நிற்கிறாள். என் போனை எடுப்பதில்லை.

திருத்து என்றேன். எழுத்தில் திருத்த முடியாதாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சில கல்லூரிகள் ஸ்கவுட் பெயரில் பொய்த் திருத்தம் எழுதி அனுப்பியதால், எழுதியவரே நேரில் வந்து வாயால்தான் சொல்ல வேண்டும், குரலை வைத்து ஆள் சரியா, சொல்வது உண்மையா என்று இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்று விதி. ஒரு பதிவுக்கு மூன்று வாய்ப்பு.

கண்ணாடி அறையில் மைக் முன்னால் உட்கார வைத்தான். பதிவில் உள்ள சரியான சொல்லைச் சொல்லவும் என்று ஒரு பெண் குரல் கேட்டது. சொன்னேன். திரையில் *திமிரு* என்று வந்தது. எண் இருபத்தொன்பது ஆனது. மறுபடி சொல்கிறேன் அல்லவா, வலியுறுத்துகிறேன் என்று எடுத்துக்கொண்டதாம். இன்னும் சத்தமாகச் சொன்னேன். *திமிரு.* இருபத்தேழு. நான் இயந்திரத்தை என்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. முகுந்தன் ஓடி வந்து மைக்கை மூடியதால் அது பதிவாகவில்லை. மிச்சமிருந்த ஒரு வாய்ப்பை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் மேடம் என்று கெஞ்சி வெளியே அனுப்பினான்.

மைதானத்துக்குத் திரும்பி டெல்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் காலில் குறை இல்லை, என் நாக்கில்தான் குறை என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்க ஊருல ரெண்டும் வேற வேறதான். எங்க சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும்" என்றாள். "சொல்லுங்க. கரி."

"கரி."

"கறி."

"கரி."

"அக்கா, அடுப்புக்கரியத்தான் திரும்பவும் சொல்லுதீங்க. சின்ன ர-ன்னா பந்துல ஒரு டச்சு. நாக்கு ஒரு தட்டு தட்டிட்டு விட்டிரணும். பெரிய ற-ன்னா டிரிப்ளிங். நாக்க மேல வச்சு விடாம அடிக்கணும். பந்த மாதிரி தட்டிக்கிட்டே போகணும்."

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, மற்றப் பெண்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்க, நான் சைடு லைனில் உட்கார்ந்து கறி, அறை, பறவை, மறதி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஓடுகிறவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். ஒன்பது மணிக்கு எனக்கு வந்துவிட்டது. டெல்மா தலையாட்டினாள்.

அன்று மத்தியானம் மறுபடியும் கண்ணாடி அறை. டெல்மாவை வரவேற்பறையில் உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே நான், முகுந்தன், மைக். அதே குரல் அதே கேள்வியைக் கேட்டது. நாக்கை மேலே வைத்து அடித்தேன். திரை கொஞ்சம் யோசித்தது. *திமிறு* என்று வந்தது. பொருள்: பிடியிலிருந்து வலிந்து விடுபடுதல். எண் ஐம்பத்தெட்டுக்குப் போனது. நான் மேஜையைத் தட்டினேன்.

இயந்திரம் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"ஆட்டக்காரரிடம் திமிர் உண்டா? உண்டு அல்லது இல்லை என்று மட்டும் சொல்லவும்" என்றது.

சுத்தமான சின்ன ர. எனக்கு நடு வட்டத்தில் உட்கார்ந்திருந்த டெல்மா கண்ணில் வந்தாள். மேனேஜர் கத்திக்கொண்டிருக்க, புல்லைப் பிய்த்துக்கொண்டு, அவனை ஏறெடுத்தும் பார்க்காமல் உட்கார்ந்திருந்த முகம். அது திமிர் இல்லை, அது பசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளைகளுக்குப் பசித்தது, உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். இதையே மனதில் இரண்டு தடவை சொல்லிவிட்டு, "இல்லை" என்றேன். குரலின் நம்பகம் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்று வந்தது. எண் எழுபத்தாறு.

"இதே சொல் முந்தைய பதினொரு பதிவுகளில் உள்ளது. இத்திருத்தத்தை அவற்றுக்கும் பொருத்தலாமா?"

பொருத்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். முகுந்தன் பாய்ந்து வந்து மைக்கைக் கையால் மூடினான்.

"மேடம், ஒரு நிமிஷம். சரின்னு சொன்னீங்கன்னா பழைய தேர்வு எல்லாத்தையும் மறுபரிசீலனைக்கு எடுத்துக்கும். அது முடியற வரைக்கும் அந்தச் சொல் இருக்கற எல்லா எண்ணையும் நிறுத்தி வச்சுரும். டெல்மாவோடதையும் சேத்து. ஒரு மாசம் ஆகும். டிராஃப்ட் சனிக்கிழமை."

"அப்ப அந்தப் பதினோரு பேரு?"

"அவங்களுக்கு இனிமே ஒண்ணும் கிடைக்காது மேடம். கல்லூரி முடிச்சாச்சு, வாய்ப்பு போச்சு. எண் மாறினாலும் போனது போனதுதான். இந்தப் பொண்ணுக்காவது கிடைக்கட்டும்."

நியாயமாகத்தான் பேசினான். ஆனால் அவன் முகம் சரியில்லை. இருபத்திரண்டு வருஷமாக முகத்தைப் பார்த்துத்தான் நான் சோறு தின்கிறேன். உனக்கு இது முன்னமே தெரியுமா என்று கேட்டேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிறகு சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நோட்டுகளைச் சரிபார்த்த ஒரு தமிழ் படித்த பெண், இந்த ஸ்கவுட் பறக்குது என்பதைக்கூட பரக்குது என்றுதான் எழுதுகிறார், இந்தச் சொல்லையும் சந்தேகப்பட வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பட்டியலில் வேறு பெண்கள் வந்திருக்கிறார்கள்.

"அப்புறம் ஏன் மாத்தல?"

"பழைய லிஸ்ட்டுல வந்த பொண்ணுங்க யாரும் கிளப்போட சண்டை போடல மேடம். சம்பளம் லேட்டானாலும் கேக்கல, காயத்தோட ஆடச் சொன்னாலும் ஆடினாங்க. கிளப்புகளுக்கு அந்த லிஸ்ட்டுதான் பிடிச்சிருந்துச்சு. தப்புன்னு தெரியும். தப்பு அவங்களுக்கு வசதியா இருந்துச்சு."

அந்தப் பதினொன்றில் அதற்கப்புறம் சிவப்பில் போனவர்கள் நான்கு பேர். தெரிந்தே நான்கு பேர். அந்தத் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன் தலையில் அடித்திருப்பேன். ஆனால் முதல் எழுத்தைத் தப்பாகப் போட்டது யார்? என் கோபம் போய் நிற்க ஒரு இடம் இல்லாமல் என் மேலேயே வந்து நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குத் திட்ட ஆள் கிடைக்கவில்லை.

அவன் கையை எடுத்தான். மைக் காத்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே டெல்மாவின் தலை மட்டும் தெரிந்தது.

"வேண்டாம்" என்றேன்.

நன்றி என்றது இயந்திரம்.

திரும்பி வரும்போது பறக்கும் ரயிலில் கூட்டமில்லை. எண்ணைக் கேட்டதும் டெல்மாவின் முகம் மலர்ந்தது. பதினொரு பேரைப் பற்றிய கடைசிக் கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் முகுந்தன் ஒப்புக்கொண்டதையும் மறைத்திருக்கலாம். மறைக்க முடியவில்லை. சொல்லச் சொல்ல அந்த மலர்ச்சி வடிந்துகொண்டே போனது.

"எனக்காண்டி நீங்க அப்பிடிச் சொல்லியிருக்கப்பிடாது" என்றாள். "அவங்க பேரெல்லாம் சொல்லுங்க."

எதற்கு என்று கேட்டேன். பையிலிருந்து, அடிபடாமல் இருக்க முன்னங்காலில் கட்டுகிற ஷின் கார்டை எடுத்தாள், பேனாவை எடுத்தாள். பதினொரு பெயரும் எனக்கு மனப்பாடம். நான் சொல்லச் சொல்ல அதன் உள்பக்கத்தில், காலில் படுகிற பக்கத்தில், குட்டிக் குட்டியாக எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை டிராஃப்ட். பெரிய ஹால், டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு, மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்குத் திரை. கிளப்புகள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லும். பெண் மேடை ஏறி, மேஜையில் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, ஜெர்சியை மாட்டிக்கொண்டு, மைக்கில் அப்பா அம்மாவுக்கும் ஆண்டவனுக்கும் நன்றி சொல்லிவிட்டு இறங்குவாள். அவள் பேசி முடிக்கும் வரைக்கும் அவளுடைய உரைகல் எண் பின்னால் தென்னை மர உயரத்துக்குத் தெரியும். கிளப்புகளுக்கு அதில் ஒரு பெருமை.

இரண்டாவது சுற்றில் பத்தொன்பதாவது பெயராக டெல்மாவைக் கூப்பிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டாள். ஓனரே ஜெர்சியைக் கொடுத்துத் தோளில் தட்டினார். பின்னால் திரையில் 76. சேலைக்கு மேலேயே ஜெர்சியை மாட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள். கையிலிருந்த பையைத் திறந்து ஷின் கார்டை வெளியே எடுத்தாள்.

"நான் கொஞ்சம் பேரு வாசிக்கேன்" என்றாள்.

புஷ்பவல்லி என்று ஆரம்பித்தாள். ஹசீனா பானு, ரூத், செம்மலர், காளீஸ்வரி என்று போனது. முதலில் யாருக்கும் புரியவில்லை, சொந்தக்காரப் பெண்கள் என்று நினைத்திருப்பார்கள். பதினொன்றையும் வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இவங்க எல்லாரும் என்னைவிட நல்லா திமிறி ஆடினவங்க. பெரிய ற. அத உரைகல்லு சின்ன ர-ன்னு படிச்சு வெளிய போட்டுது. தப்புன்னு ரெண்டு வருசத்துக்கு முன்னமே ஆபீஸுல தெரியும். உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு அப்பிடியே விட்டாங்க."

பின்னால் எண் இறங்க ஆரம்பித்தது. எழுபத்தொன்று. அறுபத்து மூன்று. இயந்திரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தது, அதற்குச் சொல்லிக்கொடுத்த வேலையைச் செய்தது. ஐம்பது. ஓனர் திரும்பித் திரையைப் பார்த்தார், மேஜை மேலிருந்த ஒப்பந்தத்தைப் பார்த்தார். முப்பத்தொன்றில் ஒரு வினாடி நின்றது. அதையும் தாண்டிப் பன்னிரண்டுக்கு வந்த பிறகுதான் யாரோ திரையை அணைத்தார்கள். டெல்மா மைக்கை அதன் இடத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, ஜெர்சியை ஒரு தடவை இழுத்துச் சரிசெய்துகொண்டு, அவசரமில்லாமல் படியில் இறங்கினாள்.

திமிர் உண்டா என்று இயந்திரம் என்னைக் கேட்டபோது நான் இல்லை என்றேன். பொய். எனக்கு இப்போது தெரிகிறது. அவளிடம் இரண்டும் இருக்கிறது. ஒப்பந்தப்படி மூன்று வருஷத்துக்குக் கிளப் அவளை வெளியே அனுப்ப முடியாது, பெஞ்சில் உட்கார வைக்கலாம். வைக்கட்டும், பார்க்கலாம்.

ஹாலில் ஒரே கூச்சல். என் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தேன். மூன்று வருஷமாக என் போனை எடுக்காதவள். வெளியே வராந்தாவுக்கு ஓடினேன்.

"பிலோக்கா, நான் கேன்டீன்ல இருக்கேன்" என்றாள் புஷ்பவல்லி. பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது. "டிவில ஒரு பொண்ணு எம் பேர சொல்லுச்சு. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. யாருக்கா அது? எம் பேரு அதுக்கு எப்டித் தெரியும்?"

நான்தான் சொன்னேன் என்றேன். அப்புறம், நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரிந்ததால், மிச்சத்தையும் ஒரே மூச்சில் சொன்னேன். அந்த நோட்டு, அந்த வார்த்தை, தமிழ் மிஸ், உரைகல் என் எழுத்துக்குக் கொடுத்த எடை, வியாழக்கிழமை நான் சொன்ன வேண்டாம். யாரையும் திட்டவில்லை. தட்டுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

"ஒரு எழுத்தாக்கா?" என்றாள்.

"ஒரு எழுத்துதான்" என்றேன்.